நம் ஊரில் எத்தனை பேர்? முதுமை ஆய்வை மனுவாக்கும் வழி

முதுமை ஆய்வுக்கு நம் நாட்டில் குறைவில்லை. 45 வயது தாண்டிய 72,000 பேருக்கு மேல் சந்தித்து 2017-18இல் ‘லாசி’ என்ற ஆய்வே நடந்திருக்கிறது. அந்த அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பாம்பன் ஊராட்சிக்குப் போனால், “சரி, நம்ம ஊர்ல தளர்ந்துபோன முதியவங்க எத்தனை பேர்?” என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி.

அந்தக் கணக்கை எடுக்க முதியவர்களின் உடல் திறன் குறைவதை எளிய சோதனைகளால் கண்டறியும் உலக சுகாதார நிறுவனத்தின் ‘ஐகோப்’ முறை போதும். அதில் எனக்குப் பிடித்தது நாற்காலிச் சோதனை: கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும், 14 விநாடிக்குள். முடியாவிட்டால் நோய் என்று அர்த்தமில்லை, நடமாட்டத்தை மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும், அவ்வளவுதான். மணலில் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், சறுக்கும். சிமெண்டுத் தரையில் சுவரோடு ஒட்டிப் போட்டு, பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள். அப்புறம், மூன்று மாதத்தில் தானாக மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா, பசி எடுக்கிறதா என்று கேளுங்கள். இதைத் தனியாகக் கேட்க வேண்டும். மகனும் மருமகளும் நிற்கும்போது “சாப்பாடெல்லாம் நல்லா இருக்குப்பா” என்றுதான் பதில் வரும்.

விடியற்காலையில் கரையேறியவரையோ, கடல்பாசி எடுத்துவிட்டு ஈரத்தோடு வருகிற அம்மாவையோ சோதித்தால் களைப்புதான் தெரியும். விசைப்படகுகள் நிற்கும் மீன்பிடித் தடைக்காலம், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, வீட்டில் ஆளிருக்கும் என்பதால் தோதானது. வெயில் தாழ்ந்த பிறகு போங்கள்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள், பெயர்களை வாசிக்காதீர்கள். ‘முதியோர் நலனுக்கு ஆவன செய்க’ என்று எழுதும் மனு எங்கேயும் போகாது. ‘இத்தனை பேருக்கு வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை வேண்டும்’ என்று ஆரம்ப சுகாதார நிலையத்தைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலேயே அது இருக்கிறது, புதுத் திட்டம் கேட்கவில்லை. தீர்மான நகலோடு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்து ரசீது வாங்குங்கள்.

ஜனவரி 26 சபைக்கு முன் அதே ஆட்களிடம் மறுபடி போக வேண்டும், அதே நாற்காலியோடு. உயரம் மாறினால் விநாடியும் மாறிவிடும்.