டேர்போ எஞ்சினுக்கு ரிங் இடைவெளி

புது பிஸ்டன் ரிங்கைப் பெட்டியில் வந்தபடியே போட்டுவிடாதேங்கோ; அதன் இரண்டு நுனிக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அளந்து, காணாவிட்டால் அராவித்தான் போடவேணும். டேர்போவில் ரிங் கூடச் சூடாகி விரியும். நுனிகள் முட்டினால் சிலிண்டர் கீறுப்படும், பிஸ்டனின் ரிங் பள்ள விளிம்பும் உடையும். வன்னி வெயிலில் ஏசியும் போட்டு ஏ9இல் மிதிக்கிற காருக்கு இது சும்மா பயமில்லை. இடைவெளி கொஞ்சம் கூடினால் எரிந்த வாயுவின் அமுக்கம் சற்றுக் கசியும், அவ்வளவுதான்.

சிலிண்டர் உட்சுவரை ஹோன் அடித்த (கல்லால் உரசிச் சீராக்கிய) பிறகே அளக்கவேணும். ரிங்கை உள்ளே விட்டு, தலைகீழாய்ப் பிடித்த பிஸ்டனால் 25 மி.மீ. தள்ளினால் சரியாமல் நிற்கும். பீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) நுனிகளுக்கு நடுவில் லேசான பிடிப்போடு நுழையவேணும்.

மேல் ரிங்குக்கு, சிலிண்டர் விட்டம் ஒரு மி.மீ.க்கு 0.005 மி.மீ. என்பது ஆரம்பக் கணக்கு: 86 என்றால் 0.43. பூஸ்ட் (டேர்போ தள்ளும் காற்றின் அமுக்கம்) கூட்டியிருந்தால் 0.50 அளவில் விடலாம். இரண்டாம் ரிங்குக்கு இன்னும் 0.05 கூட. ரிங்கோடு வந்த தாள் வேறு சொன்னால் தாள் சொல்வதுதான்.

ஒரு நுனியை மட்டும், வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி அராவுங்கோ. எதிர்ப்பக்கம் இழுத்தால் பூச்சுப் பெயரும். இரண்டு இழுவைக்கு ஒருக்கா அளந்து பாருங்கோ, கூட அராவினது திரும்பி வராது. பிசிறை மெல்லிய கல்லால் எடுத்து, எந்தச் சிலிண்டருக்கு என்று எழுதி மூடி வையுங்கோ. கிரவல் றோட்டுக் கரையில் கராஜ் என்றால் மூடாத ரிங்கில் புழுதி ஏற அரைமணி போதும்.