வாயு ஓடவில்லை, என் கணக்குதான் ஓடியது

தக்கலையில் இடவப்பாதி மழை. தொலைநோக்கிக்கு உறை போட்டுவிட்டு, வானத்தைப் பதிவு செய்து பொதுவில் தரும் ஸ்லோன் வான் அளவாய்வின் நிறமாலை (ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்த பதிவு) ஒன்றை இறக்கி, அண்டை விண்மீன் மண்டலம் ஒன்றின் வாயு வேகத்தைக் கணக்கிட்டேன். அம்மண்டலத்துக்குப் பட்டியலில் உள்ள வேகத்தைவிட நொடிக்குச் சுமார் 83 கி.மீ. கூடுதல். வாயு தனியே ஓடுகிறது என்று துள்ளினேன். கட்டன் சாயா ஆறிப்போனதுதான் மிச்சம்.

ஒவ்வொரு தனிமமும் நிறமாலையில் தனக்கான அலைநீளத்தில் கோடு இடும்; அக்கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதிலிருந்துதான் வேகம் கிடைக்கும். ஹைட்ரஜன், நைட்ரஜன், கந்தகம் என எல்லாக் கோடுகளிலும் அதே 83. இவ்வளவு ஒற்றுமை இருந்தால் சந்தேகம் என்மீதுதான் விழ வேண்டும். மடிக்கணினி ஓரத்தில் ஒட்டிய சீட்டைப் பார்த்தேன்: ஹைட்ரஜன் ஆல்பா (ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு), 6562.8 ஆங்ஸ்ட்ராம் (அலைநீள அலகு). அது காற்றில் அளந்த அலைநீளம். ஸ்லோன் தருவதோ வெற்றிட அலைநீளம்; அதில் இக்கோடு 6564.6. காற்றில் ஒளி சற்று மெதுவாகச் செல்வதால் அலைநீளம் குறைகிறது; எல்லாம் காற்றின் ஒளிவிலகல் செய்த வேலை. அந்தச் சிறு வித்தியாசத்தைத்தான் நான் வேகமாகக் கணக்கிட்டிருந்தேன். சீட்டிலிருந்த எண்களை அடித்து, வெற்றிட அலைநீளங்களாகத் திருத்தினேன். வேகம் பட்டியலோடு பொருந்திவிட்டது.