இரண்டாவது சைக்கிளாக ஒரு ரோடு பைக்: அளவான செலவில் தேர்ந்தெடுக்கும் முறை

வீட்டில் நேர் ஹேண்டில் கொண்ட ஒரு ஹைபிரிட்டோ மலைப்பாதைக்கான எம்டிபியோ வைத்துக்கொண்டு ஞாயிறு காலைகளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை போய்வரத் தொடங்கிவிட்டவர்களுக்கு, ரோடு பைக் ஆசை எப்படியும் வந்துவிடும். அந்த ஆசையில் நியாயமும் இருக்கிறது. சமதளத்தில் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், மிதிப்பவரின் உழைப்பில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடுகிறது. வெயில் ஏறக் கடற்காற்று எழும்பும் நேரத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து மிதிப்பவருக்கும் வளைந்த ஹேண்டில் பாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்துக் குனிந்து மிதிப்பவருக்கும் உள்ள வேறுபாடு கால்களில் நன்றாகவே தெரியும். புதிதாக வாங்குவோர் ஏறத்தாழ 30,000 முதல் 70,000 ரூபாய்க்குள் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதல் வண்டி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் உங்களுடைய பெரிய வசதி. காய்கறி வாங்கவும், மழையில் அலுவலகம் போகவும், குண்டும் குழியுமான தெருவில் ஓட்டவும் அது போதும். எனவே கேரியர் மாட்டலாமா, ஸ்டாண்டு வருமா, மட்கார்டு பொருந்துமா என்ற கேள்விகளை இரண்டாவது வண்டியிடம் கேட்க வேண்டியதில்லை. முதல் வண்டி செய்ய முடியாததை மட்டும் அதனிடம் கேட்டு, கையிலுள்ள பணத்தை அளவு, கியர், சக்கரம் ஆகிய மூன்றிலும் போட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்து வாங்கிய இரண்டாவது சைக்கிள், முதல் சைக்கிளின் இன்னொரு பிரதியாகவே மூலையில் நிற்கும்.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்து பார்ப்பது நல்லது. இப்போதைய ஹைபிரிட்டில் 38 அல்லது 40 மில்லிமீட்டர் டயர் இருந்தால், ரிம் இடம் கொடுக்கும் அளவுக்கு மெல்லிய, பட்டன் இல்லாத வழவழப்பான டயரை மாட்டிச் சில வாரங்கள் ஓட்டிப் பாருங்கள். பலருக்கு அந்த மாற்றமே போதுமானதாக இருக்கும். அதற்குப் பிறகும் நீண்ட தூரத்தில் உள்ளங்கை மரத்துப்போகிறது, எதிர்க்காற்றில் குனிய வழியில்லை, மேல் கியர் போதவில்லை என்று தோன்றினால், உங்களுக்கு ரோடு பைக் உண்மையாகவே தேவைப்படுகிறது.

எல்லாவற்றிலும் முதலிடம் அளவுக்குத்தான். வெறுங்காலுடன் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, ஒரு தடித்த புத்தகத்தின் முதுகை இரு தொடைகளுக்கிடையில் சீட்டில் உட்காரும் அழுத்தத்தோடு மேலே நெருக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். இந்த உள்கால் நீளத்தை 0.883-ஆல் பெருக்கினால், பெடல் தண்டுகள் சுழலும் நடு அச்சின் (இதையே கீழே பெடல் அச்சு என்கிறேன்) மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் கிடைக்கும். 76 சென்டிமீட்டர் உள்கால் உள்ளவருக்கு இது ஏறத்தாழ 67 சென்டிமீட்டர். இந்தக் கணக்கை உலகறியச் செய்தவர், டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்ற அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட். இது தொடக்கப்புள்ளி மட்டுமே. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏற்றி இறக்குவதை உங்கள் முழங்கால் தீர்மானிக்கட்டும்.

ஃபிரேமின் மேல் எழுதியிருக்கும் 52, 54, மீடியம் போன்ற குறிகளை நம்பி வாங்கக் கூடாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொரு நிறுவனத்தின் ஸ்மாலுக்கு நெருக்கமாக இருக்கும். ஹைபிரிட்டில் மீடியம் ஓட்டுகிறேன், அதனால் இதிலும் மீடியம் என்ற கணக்கு இன்னும் ஆபத்தானது. நேர் ஹேண்டிலுக்காக வடிவமைத்த ஃபிரேம் நீளமாக இருக்கும். வளைந்த ஹேண்டிலோ பிரேக் பிடியை 7, 8 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிவிடுவதால், ரோடு பைக்கின் ஃபிரேம் அதற்கேற்பக் குட்டையாக அமைந்திருக்கும். ஆகவே நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள அளவு அட்டவணையில் ஸ்டேக், ரீச் என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில் பொருந்தும் குழாயின் தலை வரையுள்ள செங்குத்து உயரம் ஸ்டேக். அதே இரு புள்ளிகளுக்கு இடையிலான கிடைத்தூரம் ரீச். ஸ்டேக்கை ரீச்சால் வகுத்து வரும் விடை 1.5-க்கு அருகிலோ அதற்கு மேலோ இருந்தால், முதுகை அதிகம் வதைக்காத நெடும்பயண வடிவம் என்று பொதுவாகக் கொள்ளலாம். முதன்முதலாக ரோடு பைக் வாங்குவோர் அனைவருக்கும் நான் இதையே பரிந்துரைப்பேன்.

இரண்டு அளவுகளுக்கு நடுவில் நிற்பவர்கள் சிறியதை எடுப்பது பாதுகாப்பானது, ஏனெனில் சிறிய ஃபிரேமில் சீட்டை உயர்த்தி ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் ஸ்டெமை நீளமானதாக மாற்றிக்கொள்ளலாம். பெரிய ஃபிரேமைச் சுருக்க வழியே இல்லை. உயரம் குறைந்தவர்கள் கூடுதலாக ஒன்றைச் சோதிக்க வேண்டும். பெடலில் கால் வைத்து, பெடலை முன்னோக்கிக் கிடையாக நிறுத்தி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். செருப்பின் முனை முன்சக்கரத்தில் தட்டினால், வேகத்தில் அது தொல்லை தராது என்றாலும், நெரிசலில் யூ டர்ன் எடுக்கும்போது கீழே தள்ளிவிடும். கை சிறியவர்களுக்காகப் பிரேக் லீவரை உள்ளே இழுத்து வைக்கும் சிறு திருகு பல லீவர்களில் உண்டு. கடைக்காரரிடம் கேட்டு அதைத் திருகி, கீழ்ப்பிடியிலிருந்து இரண்டு விரலால் பிரேக் அழுத்த முடிகிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது கியர். கியர் பாகங்கள் தயாரிக்கும் ஷிமானோவின் வரிசையில் கீழிருந்து மேலாக டூர்னி, கிளாரிஸ், சோரா, டியாக்ரா என்று வரும்; பின்புறப் பல்சக்கரங்கள் முறையே 7, 8, 9, 10. இதே தரத்தில் மைக்ரோஷிஃப்ட் நிறுவனத்தின் பாகங்களும் பல வண்டிகளில் வருகின்றன. அவற்றை ஒதுக்கத் தேவையில்லை. விலை குறைந்த வண்டிகளில் டூர்னியைத்தான் அதிகம் காண்பீர்கள். அதில் பெரிய பல்லுக்கு மாற்றப் பிரேக் லீவரையே பக்கவாட்டில் உள்ளே தள்ள வேண்டும். சிறிய பல்லுக்கு மாற்ற, பிடியின் உட்புறத்தில் உள்ள ஒரு பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். கீழ்ப்பிடியில் குனிந்து மிதிக்கும்போது அந்தப் பொத்தான் கைக்கு எட்டாது. குனிவதற்காகவே வாங்கிய வண்டியில் கியர் மாற்ற ஒவ்வொரு முறையும் நிமிர வேண்டியிருந்தால் என்ன பயன்? கிளாரிஸில் சிறிய பல்லுக்கு மாற்றும் நெம்பும் பிரேக் லீவருக்குப் பின்னாலேயே இருப்பதால், பிரேக் பிடியிலிருந்தும் கீழ்ப்பிடியிலிருந்தும் விரலுக்கு எட்டும்.

இதைவிட முக்கியமான வேறுபாடு பின்சக்கரத்தின் உள்ளே மறைந்திருக்கிறது. 7 கியர் வண்டிகளில் பெரும்பாலும் பல்சக்கரக் கொத்து, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பின் மேல் மரை போட்டுத் திருகப்படும் ஃப்ரீவீலாக இருக்கும். அதில் வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி அமைவதால், நீண்டு நிற்கும் அச்சு, எடை கூடியவர் பள்ளத்தில் இறக்கும்போது வளைவதும் உடைவதும் உண்டு. 8 கியர் முதல் வரும், பல்சக்கரக் கொத்தை ஹப்பில் செருகிப் பூட்டும் கேசட் அமைப்பில் அந்தப் பேரிங் அச்சின் விளிம்புக்கு அருகில் இருப்பதால் தாங்குதிறன் அதிகம். மேலும் 8, 9, 10 மூன்றும் அதே ஹப்பில் பொருந்தும் என்பதால், பின்னாளில் கியரை உயர்த்த விரும்பினால் சக்கரத்தை மாற்ற வேண்டியதில்லை. எனவே 8 கியர், கேசட் ஹப் என்பதையே கீழ்வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பணம் போதாவிட்டால் சில மாதங்கள் பொறுத்திருப்பதோ பழைய வண்டி தேடுவதோ, 7 கியர் புதிய வண்டி வாங்குவதைவிட மேல்.

கடற்கரைச் சாலையில் மட்டும் ஓட்டுபவருக்குக் கியரின் கீழ்முனை ஒரு பொருட்டல்ல. ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையோ கொல்லிமலையின் 70 வளைவுகளையோ ஏற வேண்டும் என்ற எண்ணம் இருந்தால், பற்களை எண்ணித்தான் வாங்க வேண்டும். முன்புறம் 50, 34 பற்கள் (50/34), பின்புறம் 11 முதல் 32 பற்கள் (11-32) என்ற அமைப்பில், மிகத் தாழ்ந்த கியரில் ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 2.2 மீட்டர் நகரும். முன்புறம் 52/42, பின்புறம் 14-28 என்று வரும் மலிவு வண்டியிலோ அது 3.1 மீட்டருக்கு மேல் போய்விடும். அந்த வண்டியில் மலையேறுபவர் பாதி வழியில் இறங்கித் தள்ளுவார்; குற்றம் அவருடைய காலில் இல்லை.

டயரில் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போக வேண்டாம். நம் சாலைகளுக்கு 28 இருந்தால் நிம்மதி, 32 ஏறும் ஃபிரேம் கிடைத்தால் இன்னும் நல்லது. டயரின் பக்கவாட்டில் 28-622 என்பதுபோல் எழுதியிருக்கும்: முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் டயர் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். இதே சக்கரங்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு வரும் என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். முனையிலுள்ள சிறு மரையை இரண்டு சுற்று தளர்த்தி, ஒருமுறை அழுத்திக் காற்று சீறுகிறதா என்று பார்த்த பிறகே பம்பைப் பொருத்த வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடையின் பைக் நாசில் இதில் பொருந்தாது. விரல்நுனி அளவே உள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் சீட்டுப் பையில் வைத்திருந்தால், வழியில் எந்தக் கடையிலும் காற்று அடித்துக்கொள்ளலாம்.

பிரேக்கைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டியதில்லை. இந்த விலையில் வரும், கம்பியால் இயங்கும் மெக்கானிக்கல் டிஸ்க் பிரேக், எடையையும் பராமரிப்பையும் கூட்டும். மழையில் அது நன்றாகப் பிடிக்கும் என்றாலும், மழைக்கு உங்களிடம் முதல் வண்டி இருக்கிறது. ரிம்மை இருபுறமும் பிடிக்கும் நல்ல இரட்டைச் சுழல் கேலிப்பர் பிரேக் போதும். எடையும் அப்படித்தான். பந்தயங்களுக்கு சர்வதேச சைக்கிள் ஓட்டச் சங்கமான யுசிஐ விதித்துள்ள கீழ்வரம்பு 6.8 கிலோ, நம் விலையில் 10, 11 கிலோவே இயல்பு. அரை கிலோ குறைக்கப் பல ஆயிரம் கொடுப்பதற்குப் பதிலாக நல்ல டயர் வாங்குங்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது ஒரு ஸ்கேலை எடுத்துச் செல்லுங்கள். செயினில் ஒரு முளையின் மையத்திலிருந்து தொடங்கி 24 கண்ணிகளை அளந்தால் புதிதில் 304.8 மில்லிமீட்டர் இருக்கும். அது 307-ஐத் தாண்டியிருந்தால் செயினோடு கேசட்டுக்கும் செலவு காத்திருக்கிறது என்று பொருள். ரிம்மின் பிரேக் படும் பரப்பில் நகத்தை ஓட்டிக் குழிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் குழாயும் கீழ்க்குழாயும் சேரும் வெல்டிங்கைச் சுற்றி பெயிண்டில் மயிரிழை விரிசல் தென்பட்டால், எவ்வளவு மலிவானாலும் திரும்பி வந்துவிட வேண்டும். கடலோர ஊர் வண்டியென்றால் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்டைத் தளர்த்தி மேலும் கீழும் நகர்த்தச் சொல்லுங்கள். உப்புக்காற்றில் அது ஃபிரேமோடு இறுகிப்போயிருந்தால் உங்கள் உயரத்துக்கு அதை மாற்றவே முடியாது. பெடல் அச்சின் அடியில் பொறித்துள்ள ஃபிரேம் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருப்பதால், உரிமையாளர் அன்று கொடுத்த விலையை விட்டுவிட்டு, இன்றைய புதிய விலையிலிருந்து பேரத்தைத் தொடங்குவதே முறை.

மொத்தத் தொகையில் பத்தில் ஒரு பங்கையாவது வண்டிக்கு வெளியே ஒதுக்கி வையுங்கள். அழுத்தம் காட்டும் தரைப் பம்பு, இரண்டு மாற்று டியூப், டயர் கழற்றும் நெம்புகள், முன்பின் விளக்குகள் ஆகியவை முதல் நாளிலேயே தேவைப்படும். ஹெல்மெட்டும் விளக்கும் முதல் வண்டியிலிருந்தே கைமாறலாம். புதிய வண்டியில் முதல் சில வாரங்களில் கியர் கம்பிகள் சற்றுத் தளர்ந்து கொடுக்கும், ஸ்போக்குகளும் தம் இடத்தில் அமரும். எனவே விலை பேசும்போதே ஒரு மாதம் கழித்து இலவச சர்வீஸ் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த சர்வீஸுக்கு வண்டியை விடும்போது, சீட் போஸ்ட்டுக்குப் புதிதாகக் கிரீஸ் தடவச் சொல்ல மறக்க வேண்டாம்.