கிராஃபும் அணித்தரமும்: புதியவர்கள் வழுக்கும் இடங்கள்

நிரையையும் நிரலையும் மாற்றிப் போடுவது, முனைகளை எண்ணுவதில் ஒன்று விட்டுப்போவது எல்லாம் பழகப் பழகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்தப் புலம் என்று பார்க்காமல் தரம் காண்பது

தரம் என்பது ஒன்றையொன்று சாராத நிரைகளின் எண்ணிக்கை; புலம் என்பது அந்தக் கணக்கு எந்த எண்களில் நடக்கிறது என்பது. முக்கோணத்தின் அண்மை அணியை (இரு முனைகளை விளிம்பு இணைத்தால் 1, இல்லாவிட்டால் 0) எடுங்கள். நிரைகள் 011, 101, 110. மெய்யெண்களில் அணிக்கோவை 2, எனவே தரம் 3. இரண்டே உறுப்புள்ள புலத்தில் 1+1=0. அங்கே முதல் இரண்டு நிரைகளைக் கூட்டினாலே மூன்றாவது வந்துவிடும், தரம் 2.

சின்ன வித்தியாசம்தானே என்று தோன்றும். கிராஃபின் சிக்கலை அளக்கும் தர-அகலத்தில் இதுதான் ஆளைக் கவிழ்க்கிறது. அங்கே முனைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, குறுக்கே போகும் விளிம்புகளை 0, 1 அணியாக எழுதி, அதன் தரத்தைப் பார்க்கிறோம். கணிதவியலாளர்கள் ஊம் (Oum), சீமோர் (Seymour) இருவரும் வரையறுத்தது இரண்டு உறுப்புப் புலத்தில். பைத்தானின் கணித நூலகமான நம்பையிடம் (NumPy) கேட்டாலோ மெய்யெண் தரத்தைத்தான் சொல்லும். பிழைச்செய்தி எதுவும் வராது, அதனால் சந்தேகமும் வராது.

ஒரு மாணவர் பெரிய அட்டவணையோடு வந்தார். ஒரு முனையின் அண்டை முனைகளுக்குள் இருக்கும் விளிம்புகளை நீக்கி, இல்லாதவற்றைச் சேர்த்தால் தர-அகலம் மாறாது என்பது தேற்றம். அவருடைய எண்கள் மாறின. தேற்றத்திலேயே ஓட்டை என்று நம்பி ஓர் அத்தியாயமே எழுதிவிட்டார்.

அந்த விளிம்பு மாற்றம் உண்மையில் ஒரு நிரையை வேறு சில நிரைகளோடு கூட்டுவதுதான், ஆனால் 1+1=0 என்ற கணக்கில். 011, 101, 101 என்ற நிரைகளில் முதலாவதை மூன்றாவதோடு அப்படிக் கூட்டினால் மூன்றாவது 110 ஆகும். இரண்டு உறுப்புப் புலத்தில் தரம் 2 அப்படியே நிற்கும். மெய்யெண்ணில் 2 போய் 3 ஆகிவிடும். அத்தியாயம் முழுக்கக் குப்பைக்குப் போனது. முக்கோணத்தை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும் என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மூலைவிட்டத்தை மறப்பது

கிராஃபின் குறைந்தபட்சத் தரமும் அண்மை அணியின் தரமும் ஒன்றல்ல. முன்னதில் விளிம்புள்ள இடத்தில் சுழியல்லாத எந்த எண்ணும் போடலாம், சமச்சீர் கெடாமல். மூலைவிட்டத்தில் எதுவும் போடலாம். அப்படிக் கிடைக்கும் மிகச் சிறிய தரம்தான் அது. 5 முனை முழுக் கிராஃபின் அண்மை அணிக்குத் தரம் 5. எல்லா இடத்திலும் 1 போட்டால் தரம் 1.

சீரோ ஃபோர்சிங் எண்ணைச் சமன்பாடாக நம்புவது

சில முனைகளுக்கு நிறமிட்டுத் தொடங்குங்கள். நிறமிட்ட முனைக்கு நிறமில்லாத அண்டை ஒன்றே ஒன்று இருந்தால் அதற்கும் நிறமிடுங்கள். இப்படி எல்லா முனைக்கும் நிறம் வரத் தேவையான மிகக் குறைந்த தொடக்க முனைகள்தான் இந்த எண். முனைகளின் எண்ணிக்கையிலிருந்து இதைக் கழித்தால் குறைந்தபட்சத் தரம் வரும் என்பது மரங்களில் (சுற்றில்லாத இணைந்த கிராஃப்களில்) சரி. பொதுவாக அது கீழ் எல்லை மட்டுமே.

நிற எண் தரத்தைத் தாண்டாது என்பது

தாண்டும். விளிம்பால் இணைந்த முனைகளுக்கு ஒரே நிறம் வராமல் நிறமிடத் தேவையான மிகக் குறைந்த நிறங்கள்தான் நிற எண்; தரம் இங்கே அண்மை அணியின் தரம். வான் நஃபெலன் 1976-ல் தாண்டாது என்று ஊகித்தார். அலோனும் சீமோரும் 1989-ல் 64 முனைகள் கொண்ட ஒரு கிராஃபைக் காட்டினார்கள்: நிற எண் 32, தரம் 29. அந்த 29 மெய்யெண் தரம்.