கல்லூரி நாட்களைப் படமாக்கும்போது: சத்தத்தைச் சினிமாப் பாட்டு போட்டு மூடாதீர்கள்

ஃபேர்வெல் முடிந்த கையோடு, போனில் கிடக்கும் நாலு வருடக் கிளிப்புகளைக் கோத்து எக்ஸ்பெரிமென்டல் படம் பண்ணக் கிளம்புகிறவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு. கை நடுங்குவதும் லென்ஸ் துடைக்க மறப்பதும் பத்து நாளில் தானே சரியாகிவிடும். சரியாகாதவை வேறு.

சத்தத்தைத் தூக்கி எறிவது

கிளிப்பை எடிட்டிங் ஆப்பின் டைம்லைனில் போட்டதும் முதல் வேலையாக ஆடியோவை மியூட் செய்கிறார்கள். மேலே ஒரு சினிமாப் பாட்டு. கேட்டால், "சவுண்டு நல்லா இல்லண்ணா, பாட்டு போட்டா மறைஞ்சிடும்." மறைவது சத்தம் மட்டுமா? பார்க்கிறவருக்கு அந்தப் பாட்டு வந்த படம் ஞாபகம் வரும், உங்கள் ஹாஸ்டல் வராது. ஆறு மாதம் கழித்து, மெஸ்ஸில் தட்டு அடுக்கும் சத்தம் இருந்தால் தேவலையே என்று தோன்றும்போது வேறு ஊரில் வேலையில் இருப்பீர்கள். கட்டடத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். உங்கள் செட் பசங்க தோசை வரிசையில் கத்தியதை எங்கே போய் எடுப்பது?

அதனால் சத்தம் பிடிப்பதைத் தனி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, ரெக்கார்டர் ஆப்பில் வேவ் (WAV, சுருக்காத ஆடியோ) ஃபார்மட், 48 கிலோஹெர்ட்ஸ் தேர்ந்தெடுங்கள். மெஸ், காரிடார், லேப், பஸ் ஸ்டாப், ராத்திரி 2 மணி அறை என இடத்துக்குக் குறைந்தது 1 நிமிடம். யாரும் வந்து "என்ன மச்சி பண்ற" என்று கேட்காத 1 நிமிடம். கையில் பிடிக்காதீர்கள், விரல் லேசாக அசைந்தாலும் கரகரவென்று பதியும். மடித்த துண்டின் மேல் வையுங்கள். தொடக்கத்தில் இடத்தின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பின்னால் 40 ஃபைல்களில் எது லேப் ஏசி, எது லைப்ரரி ஏசி என்று தெரியாது.

எடிட்டில் அந்த இடத்துச் சத்தத்தை அடியில் விரித்துவிட்டு, அதன் மேல் கிளிப்புகளை வெட்டுங்கள். இல்லாவிட்டால் வெட்டுக்கு வெட்டு பின்னணி இரைச்சல் மாறி, காதுக்குக் குண்டும் குழியுமாக இருக்கும். அடுத்த காட்சியின் சத்தத்தை 1 நொடி முன்னாலேயே உள்ளே விடுங்கள். காலியான கட்டிலைக் காட்டும்போதே தட்டுகள் மோதினால், பல நேரம் மெஸ்ஸைக் காட்டவே தேவைப்படாது.

ஃபேன் ஓட ஓட வாய்ஸ் ஓவர்

இரைச்சலைக் குறைக்கும் நாய்ஸ் ரிடக்ஷனில் சரிபண்ணலாம் என்று நம்பி ஏற்றிக்கொண்டே போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். ஃபேனை அணையுங்கள், போர்வைக்குள் புகுந்துகொள்ளுங்கள், மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். திரையில் கேன்டீன் தெரியும்போது "இது எங்க கேன்டீன்" என்று சொல்ல ஆள் வேண்டாம்.

உதடு ஓரிடம், குரல் ஓரிடம்

போன் வீடியோவில் ஃப்ரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது, பெரும்பாலும் ஏறி இறங்கும். நீளமான பேட்டியில் போகப் போக உதடும் குரலும் ஒட்டாது. எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் (HandBrake) என்ற இலவச வீடியோ சாஃப்ட்வேரில் கான்ஸ்டன்ட், அதாவது மாறாத, ஃப்ரேம்ரேட்டாக மாற்றிவிடுங்கள்.

டியூப்லைட் பட்டைகள்

நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், டியூப்லைட்டும் அதற்கேற்ப மினுக்கும். படத்தில் பட்டைகள் ஓடாமலிருக்க, கேமரா ஆப்பில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 நொடி வையுங்கள்.

வாட்ஸ்அப்பில் கிளிப் வாங்குவது

வீடியோவாக வந்தால் சுருங்கித் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

கருப்பு வெள்ளை

காரணம் இருந்தால் மட்டும்.

தூங்குகிறவனை எடுத்த ஷாட்

திரையிடும் முன் அவனிடம் காட்டுங்கள்.