சட்டமூலம் குழுவில் இருக்கும்போதே பேசுங்கள்: வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வடக்கு மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பிறகு தேர்தலே வைக்கப்படவில்லை. ஏன் என்று கேட்டால் அரசாங்கத்துக்கு விருப்பமில்லை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம், ஆனால் அந்த விருப்பமின்மை சட்டமாக மாறிய நாள் ஒன்று உண்டு, 2017 செப்டெம்பர் 20. வர்த்தமானியில் வந்தபோது அந்தச் சட்டமூலம் மாகாண சபைத் தேர்தல் வேட்பாளர் பட்டியலில் பெண்களுக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றியது. அதை வாசகம் வாசகமாகத் திருத்தும் குழுநிலை என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகத் திருத்தம் கொண்டுவந்து தேர்தல் முறையையே மாற்றினார்கள். புது முறைக்குத் தொகுதிகளின் எல்லை நிர்ணயம் வேண்டும், அந்த அறிக்கையை மறு வருடம் பாராளுமன்றமே நிராகரித்தது, தேர்தல் அப்படியே நின்றுபோனது. குழு என்ற அந்தக் கட்டத்தை நாங்கள் கவனிக்காமல் விடக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

முதலில் பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டமூலம் வர்த்தமானியில் வெளியாகும். குறைந்தது ஒரு வாரமாவது கழித்துத்தான் அதைப் பாராளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் நிகழ்ச்சி நிரலில், போடலாம். அதற்குப் பெயர் முதலாம் வாசிப்பு, அன்றைக்கு விவாதம் எதுவும் இல்லை. அப்புறம் அது உரிய துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கு, அதாவது அந்தத் துறையைக் கவனிக்கும் உறுப்பினர்கள் குழுவுக்கு, போகும். குழு பார்த்து அறிக்கை கொடுத்த பிறகு இரண்டாம் வாசிப்பு, விவாதம், வாக்கெடுப்பு. அது முடிந்ததும் சபையே குழுவாகி ஒவ்வொரு வாசகமாக (சட்டமூலத்தின் இலக்கமிட்ட பிரிவுக்குத்தான் வாசகம் என்று பெயர்) எடுத்துத் திருத்துவதுதான் குழுநிலை. சில சட்டமூலங்களுக்கு இந்த வேலையைச் சட்டவாக்க நிலையியற் குழு செய்யும். பிறகு மூன்றாம் வாசிப்பு, கடைசியாகச் சபாநாயகரின் சான்று. தொலைக்காட்சியில் சத்தம் கேட்பது இரண்டாம் வாசிப்பில், சட்டத்தின் சொற்கள் மாறுவது குழுக்களில்.

வர்த்தமானியைப் பிடிப்பதுதான் முதல் வேலை. அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சட்டமூலங்கள் மூன்று மொழியிலும் வரும், பாராளுமன்றத்தின் தளத்திலும் இருக்கும். உங்கள் கமக்காரர் அமைப்பிலோ மாதர் சங்கத்திலோ கடற்றொழிலாளர் சங்கத்திலோ ஒரு பிள்ளையிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள்: வெள்ளிக்கிழமைதோறும் பார்க்க வேண்டும், காணி, காடு, நீர், மீன், கூட்டுறவு, உள்ளூராட்சி என்று எது வந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். ஒரு வாரம் தவறினால் என்ன என்று நினைக்க வேண்டாம். 2025 மார்ச் 28ஆம் திகதி உரிமை கோரப்படாத காணியை அரச காணியாக்கும் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவித்தல் வந்தது, வடக்கில் கிட்டத்தட்ட 5,940 ஏக்கர், அதில் முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் மன்னாரிலும் உள்ள காணிகளும் அடக்கம், உரிமை கோருபவர்களுக்கு மூன்று மாத அவகாசம். சட்டமூலம் இல்லை, வெறும் அறிவித்தல்தான். ஆனால் அதை யாரோ உட்கார்ந்து வாசித்து, விஷயத்தை வெளியே கொண்டுவந்து, உயர் நீதிமன்றம் வரை போனதால்தான் அது நின்றது. வாசிக்காமல் விட்டிருந்தால் அந்த மூன்று மாதமும் வயலிலேயே கழிந்திருக்கும்.

சட்டமூலம் கையில் வந்ததும் முதற்பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்காதீர்கள், சோர்ந்துபோவீர்கள். கடைசிப் பக்கங்களில் பொருள்கோடல் வாசகம் இருக்கும். 'காடு' என்றால் என்ன, 'அதிகாரி' என்றால் யார், 'இருப்பாட்சியாளர்' என்றால் யார் என்று அங்கேதான் சொல்லியிருப்பார்கள். வயலுக்குப் பின்னால் இருக்கும் பற்றைக்காணி காட்டுக்குள் வருமா வராதா என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியில் தீர்மானமாகும். அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வாசகமும் இருக்கும்: சிங்கள, தமிழ் உரைகளுக்கிடையே ஒவ்வாமை இருந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்று. அதனால் உங்களுக்கு முக்கியமான இரண்டு மூன்று வாசகங்களை மட்டுமாவது சிங்களம் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பின்னேரம் போதும். அடுத்ததாக அதிகாரம் கொடுக்கிற வாசகங்களைத் தேடுங்கள். யார் தீர்மானிக்கிறார், எத்தனை நாள் அறிவித்தல், எங்கே மேன்முறையீடு, ஒழுங்குவிதிகளை ஆக்கும் அதிகாரம் யாருக்கு. மீதியை அப்புறம் வாசிக்கலாம்.

இங்கே நீதிமன்றக் கதவும் ஒன்று உண்டு. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என்று எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்கு மனுக் கொடுக்கலாம், அதன் பிரதி அதே நேரத்தில் சபாநாயகருக்கும் போக வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் வந்த நாளிலிருந்து அவகாசம் மிகக் குறைவு, ஆகவே வர்த்தமானியைப் பார்த்த அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் பேசுங்கள். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் முடிவு சொல்லும். மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயம் என்றால் ஒவ்வொரு மாகாண சபையின் கருத்தையும் கேட்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 154எ பிரிவு சொல்கிறது. 2012இல் திவிநெகும என்ற வாழ்வாதார மேம்பாட்டுச் சட்டமூலத்தை அப்படிக் கேட்காமல் கொண்டுவர முடியாது என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. எங்கள் சபையில் ஆளே இல்லாத இந்தக் காலத்தில் அந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது என்பது எனக்கு உண்மையாகவே மனவருத்தம் தருகிற விஷயம். அதனால்தான் குழுவுக்கு நேரே எழுதுவது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

சரி, குழுவுக்கு எப்படிப் போவது? எந்தத் துறைசார் மேற்பார்வைக் குழு என்பதைப் பாராளுமன்றத் தளத்தில் பார்த்து, குழுவின் செயலாளருக்குப் பதிவுத்தபாலிலும் மின்னஞ்சலிலும் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை. பக்கத்தில் ஒரு பக்கச் சிங்கள அல்லது ஆங்கிலச் சுருக்கம் இருந்தால் கூட்டத்துக்கு முன்பே வாசிக்கப்படும், அவ்வளவுதான். அதோடு உங்கள் பாராளுமன்ற உறுப்பினரைப் பிடியுங்கள். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு ஆறு பேர், கிளிநொச்சிக்காரர் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பார்க்க வேண்டும். குழுவில் இருக்கும் உறுப்பினர் வேறு மாவட்டத்துக்காரராக, வேறு கட்சிக்காரராக இருந்தாலும் அவருக்கும் எழுதுங்கள். கேட்கிற ஆளுக்குச் சொல்லத்தான் வேண்டும், கட்சி பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்றும் இருக்கிறது, அதோடு இதைக் குழப்ப வேண்டாம். அது உங்களுக்கு ஓர் அலுவலகம் செய்த அநியாயத்துக்கு. மனுவை ஓர் உறுப்பினர் மூலம் சமர்ப்பிக்க வேண்டும், குழு உங்களையும் அந்த அலுவலகத்தாரையும் கூப்பிட்டு விசாரிக்கும். சட்டமூலத்தைத் திருத்த அது வழியல்ல.

இனி எழுத்துச் சமர்ப்பணம். எங்கள் பக்கத்தில் கூட்டம் வைத்தால் எல்லோரும் முப்பது வருடக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள். சொல்ல வேண்டிய கதைதான், 2010இல் நல்லிணக்க ஆணைக்குழு கிளிநொச்சிக்கு வந்தபோதும், 2016இல் அரசியலமைப்புக் கருத்தறியும் குழு மாவட்டம் மாவட்டமாக வந்தபோதும் சனம் அழுதழுது சொன்னது. ஆனால் சட்டமூலத்தைப் பார்க்கும் குழுவுக்குக் கதை ஒரு பந்தி, மிச்சமெல்லாம் வாசக இலக்கம். உதாரணத்துக்கு ஒரு சட்டமூலத்தின் 12ஆம் வாசகம், பத்திரிகையில் அறிவித்தல் போட்டு 30 நாளில் ஆட்சேபம் வராவிட்டால் காணியை எடுக்கலாம் என்று சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'இது எங்கள் மக்களுக்கு எதிரான சட்டம், முழுதாக எதிர்க்கிறோம்' என்று எழுதினால் கோப்பில் ஒரு தாள் கூடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

'12ஆம் வாசகத்தில் 30 நாட்கள் என்பது 90 நாட்கள் என்று மாற வேண்டும். அறிவித்தல் கிராம சேவையாளர் அலுவலகத்திலும் கமநல சேவை நிலையத்திலும் தமிழில் ஒட்டப்பட வேண்டும். காலபோக விதைப்புக் காலத்தில் எங்கள் கிராமத்தவர் வயற்காவல் கொட்டிலிலேயே தங்குகிறார்கள், பத்திரிகை வருவதில்லை. 2009 இடப்பெயர்வில் அனுமதிப்பத்திரங்கள் தொலைந்துபோனவர்கள் பிரதேச செயலகப் பேரேட்டின் பிரதியை எடுக்கவே மாதக்கணக்கு ஆகிறது. ஆகவே பேரேட்டுப் பிரதி, கிணறு, நின்று காய்க்கும் தென்னை, அயலவர் சத்தியக்கூற்று ஆகியனவும் சான்றாக ஏற்கப்படும் என்று புதிய உபவாசகம் ஒன்று சேர வேண்டும்.'

இதை வாசிக்கிற உறுப்பினருக்கு வேலை முடிந்துவிட்டது, அப்படியே திருத்தமாகக் கொடுக்கலாம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். இணைப்பாக அனுமதிப்பத்திரப் பிரதி, கிணற்றின் படம், வன இலாகா போட்ட எல்லைக்கல் உங்கள் வரம்பிலிருந்து எவ்வளவு தூரம் என்று காட்டும் ஒரு படம் போதும். அரசாங்க எண்ணிக்கை வேண்டுமென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பிரதேச செயலகத்தைக் கேளுங்கள், 14 வேலை நாளில் தீர்மானம் சொல்ல வேண்டும். நாள் போகும் என்பதால் வர்த்தமானி வந்த கிழமையே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கூப்பிட்டால் போங்கள். இரவு பஸ்ஸில் ஏறிக் கொழும்புக்கும் அங்கிருந்து கோட்டேக்கும் போவது லேசான காரியமில்லை, அதனால் இரண்டு பேர் போதும், ஒருவர் பேச, ஒருவர் ஆவணம் எடுத்துக் கொடுக்கவும் குறிப்பெழுதவும். அடையாள அட்டை மறக்க வேண்டாம். மொழிபெயர்ப்பு வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் உறுப்பினர்கள் மட்டும் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள், அமைச்சுச் செயலாளர், திணைக்களத்தார், சட்டவரைஞர், சட்டமா அதிபர் திணைக்களம் என்று எல்லோரும் வருவார்கள். அவர்களோடு வாதாட வேண்டாம். தலைவரைப் பார்த்து வாசக இலக்கத்தைச் சொல்லி, கேட்கும் மாற்றத்தைச் சொல்லி, கடைசியாக உங்கள் ஊரில் நடந்த ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால் 'ஒரு வாரத்தில் எழுதி அனுப்புகிறோம் ஐயா' என்று சொல்லி, சொன்னபடி அனுப்புங்கள். மாற்றத்தை எழுதித் தரப்போவது சட்டவரைஞர்தான், அவருக்கு விளங்கினால் பாதி வெற்றி.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தங்கள் தங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்வதும் உதவும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டசபைகளில் ஒவ்வொரு சட்டமூலத்துக்கும் பகிரங்க விசாரணை உண்டு. யாரும் பெயரைப் பதிந்து, ஆதரவா எதிர்ப்பா என்று குறித்துவிட்டுப் பேசலாம். பல மாநிலங்களில் ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். பிறகு குழு வாக்கெடுத்துச் சபைக்கு அனுப்பும். எங்களுக்கு அப்படிப்பட்ட உரிமை இல்லை, குழு அழைத்தால்தான் பேச்சு. இதைக் கேட்க வேண்டும், ஒவ்வொரு சமர்ப்பணத்தின் கடைசி வரியிலும் கேட்க வேண்டும்: விசாரணையை வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ ஒரு நாள் வையுங்கள் என்று.

இனி வாக்கு. மேற்பார்வைக் குழு சொன்னதைச் சபை கேட்டே ஆக வேண்டும் என்றில்லை, அதனால் குழு உங்கள் பேச்சுக்குத் தலையாட்டியதும் ஊருக்கு வந்து படுத்துவிடாதீர்கள். குழுநிலை நாள் எப்போது என்று ஒழுங்குப் பத்திரத்தில் பாருங்கள், முதல்நாள் உங்கள் உறுப்பினரிடம் திருத்தத்தின் பிரதியைத் திரும்பவும் கொடுங்கள். பெரும்பாலும் 'ஆம்', 'இல்லை' என்ற குரல்தான். எந்த உறுப்பினர் எப்படி வாக்களித்தார் என்று பதிவாக வேண்டுமென்றால் யாராவது ஒருவர் 'பிரிவு', அதாவது வாக்குகளை எண்ணிப் பதியும் வாக்கெடுப்பு, கேட்க வேண்டும். அதையும் முன்பே சொல்லி வையுங்கள். இணையப் பதிவுகளைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 2024 ஜனவரி 24 அன்று இரண்டாம் வாசிப்பில் 108க்கு 62 என்று பதிவானது, மூன்றாம் வாசிப்பு வாக்கெடுப்பில்லாமலே போனது. உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் முழுதாகச் சேர்ந்தனவா என்ற சண்டை வந்தது. ஆனாலும் சபாநாயகர் சான்றிட்டுவிட்டார். சான்றிட்ட சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்று 80ஆம் உறுப்புரை சொல்கிறது. மூன்றில் இரண்டு வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் 225 பேரில் 150, வராதவர்களையும் சேர்த்துத்தான் கணக்கு.

சட்டம் வந்த பிறகும் ஒரு கதவு இருக்கிறது. ஒழுங்குவிதிகள் தனியாக வர்த்தமானியில் வரும், படிவம், கட்டணம், கால எல்லை எல்லாம் அதில்தான். யுத்தத்தால் தங்கள் காணியைப் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை, பிறர் நெடுங்காலம் இருந்ததைக் காட்டிக் கோரும் ஆட்சியுரிமைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் சொன்னது, அதற்கும் வழக்குப் போட ஒரு கால எல்லை இருந்தது. உங்கள் வெள்ளிக்கிழமைப் பிள்ளையிடம் இதையும் பார்க்கச் சொல்லுங்கள், குழுவுக்கு அனுப்பிய சமர்ப்பணத்தின் ஒரு பிரதியைச் சங்கத்தின் கோப்பில் வையுங்கள், அடுத்த செயலாளருக்குத் தேவைப்படும்.