பச்சிளங்குழந்தையின் குளியல்: எங்கே தவறுகிறோம்?

பிறந்த குழந்தையின் உடலில் தேய்த்துப் போக்க வேண்டிய அழுக்கு என்று பெரிதாக எதுவும் இல்லை. மண்ணில் புரளாத உடல் அது. கழுத்து மடிப்பில் தேங்கும் பாலையும், சிறுநீரும் மலமும் படும் இடங்களையும் துடைத்துவிட்டால் அன்றைய வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். ஆனால் நம் வீடுகளில் குழந்தையைக் குளிப்பாட்டுவது என்றாலே தேய்ப்பது, உருவிவிடுவது, ஊதுவது, புகை காட்டுவது என்று நீண்டுகொண்டே போகிறது. கெடுதல் பெரும்பாலும் இந்தக் கூடுதல் வேலைகளால்தான் வருகிறது.

பிறந்த சூட்டோடு குளிப்பாட்டிவிடுவது முதல் தவறு. குழந்தையின் மேல் மாவு அப்பியதுபோல் இருக்கும் வெண்ணிறப் படலத்தை அழுக்கு என்று நினைத்துச் சிலர் அழுத்தித் துடைத்தெடுக்கிறார்கள். அது தோலின் ஈரத்தைக் காத்து, கிருமிகளையும் ஓரளவு தடுத்து நிறுத்தும் இயற்கையான பூச்சு. தானாகவே தோலில் ஊறி மறைந்துவிடும். முதல் குளியலுக்குக் குறைந்தது 24 மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரியவர்களைப் போல நடுங்கி உடலைச் சூடாக்கிக்கொள்ளப் பச்சிளங்குழந்தையால் முடியாது என்பதாலும், ஈரம் உலரும்போது உடல் வெப்பம் விரைவாக இறங்கிவிடும் என்பதாலும்தான் இந்தக் காத்திருப்பு. 2.5 கிலோவுக்குக் குறைவான எடையுடன் பிறந்த குழந்தையை, மருத்துவர் சொல்லும்வரை, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுத்தாலே போதும்.

அடுத்தது வெந்நீர். நன்றாகச் சுடச்சுட ஊற்றினால்தான் குழந்தை அசந்து தூங்கும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. நீரின் சூடு 37, 38 டிகிரி செல்சியஸ் அளவில், அதாவது உடற்சூட்டை ஒட்டி இருந்தால் போதுமானது. அடுப்படியில் பழகிக் காய்த்த உள்ளங்கைக்குச் சூடு சரியாகத் தெரியாது என்பதால், விளாவிய பிறகு முழங்கையை நனைத்துப் பார்ப்பதே நல்லது. பாத்திரத்தில் பச்சைத் தண்ணீரை முதலில் ஊற்றி, அதன்மேல் வெந்நீரைச் சேர்த்து, அடிவரை கலக்கிவிட வேண்டும். குழந்தை காலில் கிடக்கும்போது பக்கத்திலிருந்து வெந்நீரைச் சேர்க்கச் சொல்வது ஆபத்தான வழக்கம்.

கால்களை நீட்டி உட்கார்ந்து, அவற்றின்மேல் குழந்தையைக் கிடத்திக் குளிப்பாட்டுவதை நான் குறை சொல்ல மாட்டேன். பழகிய கைக்குத் தொட்டியைவிட அது பாதுகாப்பானது. என் மகனை முதல் மாதம் குளிப்பாட்ட வந்த பாட்டி, குழந்தையைக் குப்புறப் போடும்போது இடது கையால் நெற்றியைத் தாங்கி, முகம் கணுக்கால்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் புதையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டுதான் முதுகில் தண்ணீர் ஊற்றுவார். அந்தப் பிடி தெரியாமல் வெறுமனே பார்த்துச் செய்பவர்களிடம்தான் மூக்கில் நீர் ஏறுகிறது. எண்ணெய் தேய்த்த உடல் வழுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால் அதே பாட்டி குளியலின் முடிவில் மூக்கிலும் காதிலும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டு, வாயை வைத்து ஊதவும் வந்தார். அதை மட்டும் வேண்டாம் என்றேன். இரண்டு நாள் முணுமுணுத்தார், பிறகு விட்டுவிட்டார். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். ஊதும்போது நம் வாயிலுள்ள கிருமிகள் குழந்தைக்குப் போய்ச் சேரும்.

மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பதும் இதே வகைதான். தாயின் ஹார்மோன்களால் ஆண், பெண் இரு குழந்தைகளுக்கும் மார்பு சற்று வீங்கி, சில சமயம் பால்போலக் கசியும். தொடாமல் விட்டால் சில வாரங்களில் சரியாகிவிடும். பிதுக்கினால் சீழ் கட்டும். பிரசவத்தில் நீண்டுபோன தலையும் தானாகவே உருண்டுகொள்ளும் என்பதால், தலையை உருவிவிடுவதும் உச்சிக்குழியை அழுத்துவதும் தேவையில்லை. ஆண் குழந்தையின் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவ வேண்டாம். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாக மட்டுமே துடைக்க வேண்டும்.

சோப்பைவிடக் கடலை மாவும் பயத்தம் மாவும் மென்மையானவை என்று பலர் எண்ணுகிறார்கள். எவ்வளவு சலித்தாலும் மாவின் துகள்கள் அந்த மெல்லிய தோலை உராயும். மடிப்புகளில் தங்கி அரிப்பையும் தரும். சோப்பும் தினமும் வேண்டியதில்லை. பிறந்த சில வாரங்களில்தான் தோல் மெல்ல அமிலத் தன்மை அடைந்து தனக்கான காப்பை அமைத்துக்கொள்கிறது. காரத் தன்மையுள்ள சோப்பு அதைக் கலைக்கிறது. முதல் சில வாரங்களுக்கு வெறும் தண்ணீரே நல்லது. குளியலும் ஐந்து, பத்து நிமிடங்களுக்குள் முடியட்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் குளித்தால் போதும். சித்திரை வெயிலில் தினமும் குளிப்பாட்டினாலும் தவறில்லை.

தொப்புள்கொடி காய்ந்து விழ ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை அதில் மஞ்சள், எண்ணெய், சாம்பல், பவுடர் எதையும் வைக்காமல் காய்ந்த நிலையில் வைத்திருக்க வேண்டும். டயப்பரை அதற்குக் கீழே மடித்துவிட வேண்டும். குளித்ததும் தலையை முதலில் துவட்டி, கழுத்து, அக்குள், தொடை இடுக்குகளில் துணியை அழுத்தாமல் ஒற்றி எடுத்தாலே பாதிப் புண்கள் வராது. பழைய பருத்தி வேட்டித் துணிக்கு ஈடான துண்டு இதற்கு இல்லை. பவுடரைத் தூவினால் அது மூச்சில் போகும்; சாம்பிராணிப் புகையும் அப்படியே. கண்ணுக்குள் மையும் வேண்டாம், சில மைகளில் ஈயம் கலந்திருக்கிறது.

முதல் வாரத்தில் கை, கால்களில் தோல் உரிவது இயல்பு. அதைத் தேய்த்தோ பிய்த்தோ எடுக்கக் கூடாது, விரும்பினால் சிறிது தேங்காய் எண்ணெய் தடவலாம். சீழ் கோத்த கொப்புளங்கள் இருந்தாலோ, தொப்புளைச் சுற்றிச் சிவந்து நாற்றம் வந்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்திருந்தாலோ, அன்றைய குளியலைத் தள்ளிவைத்துவிட்டு நேராக மருத்துவரிடம் தூக்கிச் செல்ல வேண்டும்.